பால்சுறா தேடுகிறவர்கள்

என் வீட்டுக்காரர் மறுபடியும் சிங்கப்பூர் போகக் கூடாது. எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை அதுதான். மீமிசல் கடற்கரையில் அவருடைய அக்கா, அதாவது என் மதினி, காயப்போடுகிற கருவாட்டை விற்க நான் இணையத்தில் ஒரு கடை திறந்தேன். அன்றைக்கே என் வீட்டுக்காரர் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து டிவி மேல் வைத்தார்.

"ஆடி பொறக்குறதுக்குள்ள கடை ஓடுச்சுன்னா இங்கிட்டே இருக்கேன். இல்லன்னா ஏஜெண்டுகிட்ட சரின்னு சொல்லிருவேன்."

கல்யாணமானதிலிருந்து நாங்கள் போனில்தான் குடும்பம் நடத்தியிருந்தோம். அந்தக் கூத்து இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்.

இணையத்தில் ஒருவர் எதையோ தேடும்போது நம் விளம்பரம் அவர் கண்ணில் பட வேண்டுமானால், எந்தச் சொல்லுக்குக் காட்டுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லோடு தேடல் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்பதும் நம் முடிவுதான். நான் 'கருவாடு' என்று ஒரே சொல்லைக் கொடுத்து, பிராட் மேட்ச் என்று விட்டுவிட்டேன். கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தமான தேடலுக்கெல்லாம் விளம்பரம் போகும். எவர் தொட்டாலும் காசு போவது நம் கையிலிருந்துதான்.

போன் ஓயவே இல்லை. குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்று கேட்டார் ஓர் அம்மா. பூனைக்குக் கருவாடு கொடுக்கலாமா என்றார் இன்னொருவர். ஒரு பெண் நடுங்கும் குரலில், "கனவுல கருவாடு வந்துச்சுங்க, ஏதும் கெட்டதுக்கா?" என்றாள்.

"வாங்கித் தின்னுட்டாச் சரியாப் போயிரும்ங்க" என்றேன். வைத்துவிட்டாள்.

அத்தனை பேரிலும் உருப்படியாக வாங்கியவர் நாமக்கல் பக்கத்து ஆள் ஒருவர்தான். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பால்சுறா கருவாடு இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்குத் தாய்ப்பால் ஊற எங்கள் பக்கம் பால்சுறாவைத்தான் புட்டாகவும் குழம்பாகவும் போடுவார்கள். மதினி உடனே எடுத்துக் கட்டிக்கொடுத்தார். அதற்குமேல் நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. சுறாப்புட்டைப் போய் யாராவது விளம்பரம் செய்வார்களா?

எனக்கு இருந்த எரிச்சலில் அப்படியே எதிர்ப்பக்கம் போனேன். 'மீமிசல் கருவாடு' என்று கொடுத்து, எக்ஸாக்ட் மேட்ச் என்று பூட்டினேன். அதையே தேடுகிறவருக்கு மட்டும் விளம்பரம் தெரியும். மீமிசல் கருவாடு என்றால் ஊர் உலகமே எழுந்து நிற்கும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு உண்டு. வெளியூர்க்காரருக்கு மீமிசல் எந்தத் திசை என்றே தெரியாது. போன் செத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைக் கடலில் வீசியிருப்பேன்.

அன்று கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே மதினி கேட்டார்: "நாமக்கல்லுப் பிள்ளைக்குப் பால் ஊறுச்சா? கேட்டியா நீ?"

கேட்கவில்லை. வேறு வேலையும் இல்லாததால் அந்த நாமக்கல்காரரையே போனில் கூப்பிட்டேன்.

"நல்லா ஊறுதும்மா. இங்க கடை கடையா ஏறி எறங்கியும் கெடைக்கல. கடைசியிலதான் போன்ல தேடுனேன்."

"என்னன்னு தேடுனீங்க?"

"பிள்ள பெத்தவளுக்குப் பால் சுறா கருவாடு எங்க கெடைக்கும்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசைக்குத் தேடுகிறவன் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவான். பச்சைப்பிள்ளை அழுகிற வீட்டில் தேடுகிறவன் வாங்காமல் போக மாட்டான்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் மாற்றினேன். 'பால் சுறா கருவாடு' என்று கொடுத்து, ஃபிரேஸ் மேட்ச் வைத்தேன். முன்னால் பின்னால் எதைச் சேர்த்துத் தேடினாலும் சரி, கேட்பது பால்சுறாவாக இருக்க வேண்டும். செய்முறை, பூனை, கனவு என்ற சொற்கள் வந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று நெகட்டிவில் போட்டேன். கனவு கண்ட அந்தப் பெண் என்னை மன்னிக்கட்டும்.

மறுநாள் காலையில் ஓசூரிலிருந்து ஒரு மாமியார் பேசினார். மத்தியானம் திருப்பூரிலிருந்து ஒரு புதுத் தகப்பன், போனில் பிள்ளை அழுகிற சத்தத்தோடு. பிறகு பெங்களூர், சேலம், ஈரோடு. பால்சுறா வாங்கியவர்கள் அதோடு நெத்திலியும் கேட்டார்கள். மதினி ஏலத்துக்குப் போய்ச் சுறாவாக அள்ளிக்கொண்டு வந்தார். இவர் பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் பார்சல் கவரையும் டேப்பையும் போட்டு வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

ஆடி பிறக்கிற நேரத்தில் ஏஜெண்டு போன் பண்ணினார். இவர் வாயில் டேப்பைக் கடித்தபடி காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டார்.

"இல்லண்ணே, வரல. இங்க பிள்ள பெத்தவங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க. வச்சிர்றேன்."

ஜெயித்துவிட்டேன்! டிவி மேலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் வெளியே வந்ததைப் பார்த்து மதினி சிரித்தார். கையில் நல்ல பால்சுறா ஒன்று இருந்தது.

"இனிமே இவன் எங்கயும் போகமாட்டான். ஒனக்கும் ஒரு கட்டு எடுத்து வைக்கவா?"

இவர் தலை நிமிராமல் டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"வைங்க மதினி" என்றேன்.