எதிர்க்கடையில் கிம்ச்சி, எனக்கு வயித்தெரிச்சல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இட்லிக்கடைக்காரனுக்கு அடுப்பு ரெண்டு, ஒன்று பானைக்குக் கீழே எரியும், இன்னொன்று எதிர்க்கடையைப் பார்க்கும்போதெல்லாம் வயித்துக்குள்ளே எரியும். சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. எனக்கும் எதிர்க்கடைக்கும் நடுவில் ஒரு ஆட்டோ போகிற அகலம்தான். உங்களுக்கும் எதிரிலோ பக்கத்திலோ அப்படி ஒருத்தர் இல்லாமலா இருப்பார்? அதனால் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தலையாட்டிக்கொண்டு கேட்டாலே போதும்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு இடையில் ஒரு சந்து. அதில் எங்கள் கடை. இட்லி என் கை, சட்னி என் சம்சாரம் சரசுவின் கை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சந்து முனையில் ஒரு பெண்கள் விடுதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், ஜவுளிக்கடைக்குப் போகிற பிள்ளைகள், கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். அவர்களுக்குக் காலைப் பலகாரம் எங்கள் பானையிலிருந்துதான் போகும். கடை ஓடுவதே அதனால்தான். வருசா வருசம் ஆடி முடிந்ததும் வார்டன் அம்மா பிள்ளைகளைக் கேட்டு, அடுத்த வருசத்துக்கும் யார் என்று சொல்வார். வேறு ஆள் இல்லாத வரைக்கும் அது நான்தான்.

எதிர்க்கடை பரிமளா அம்மணிக்கு. உடுமலைப்பேட்டைப் பக்கம். ஜூஸ்கடை வைத்திருந்தது. அந்த வருசம் மழை விடாமல் பெய்ததில் ஜூஸ் குடிக்க ஆளில்லை. ஒருநாள் மிக்சியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டியது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

கேரளா வண்டி

எங்கள் காலை இப்படிங்க. காக்காய் கத்துவதற்கு முன்னாலேயே எழுந்து, சரசு வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். நான் பானையில் தண்ணீரை வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் விரிப்பேன். முதல் ஈடு இறங்கும்போது டவுன் பஸ் கண்டக்டர் முருகேசன் தோளில் பையோடு வந்து நிற்பார். விடுதிக்குப் பாத்திரம் போய்விட்ட பிறகும், அவசரக்காரப் பிள்ளைகள் சிலர் தலையில் ஈரத்துண்டோடு கடைக்கே வந்துவிடுவார்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன், கண்ணில் பாதித் தூக்கம்.

அந்த அம்மணியின் காலையோ வேறு. நான் சட்டை நனைந்து நிற்கும்போது, அது தலைக்குக் குளித்துப் பூ வைத்து, சாவகாசமாக ஷட்டரைத் தூக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, போனைப் பார்த்துப் பார்த்துப் போர்டில் இங்கிலீஷில் எழுதும். கொரியா தேசத்துப் பண்டங்களின் பேராம். விடுதிப் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் பார்க்கிற கொரியா சீரியலில் அதைத்தான் தின்கிறார்களாம். அது எழுதி முடிக்கிற வரைக்கும் பார்ப்பது எனக்கும் ஒரு தினசரி வேலையாகிப் போச்சு. நான் அஞ்சாவதோடு நின்றவன். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். கே தெரிந்தது, ஐ தெரிந்தது, சேர்த்தால் வாயில் வரவில்லை. முருகேசனைக் கேட்டேன். அவர் சட்னியை வழித்துக்கொண்டே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, கேயில ஆரம்பிக்குது... அது திங்கற பண்டமுங்களா, இல்ல கேரளா வண்டி நம்பருங்களா?"

ரெண்டு டீ

சிரித்தோமே ஒழிய, சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் என் கடையில் தட்டை வாங்கிய பிள்ளை ஒன்று, இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்ப் போர்டு முன்னால் நின்றது. "அக்கா, இது தப்பு. டொக்பொக்கிக்கு முன்னாடி ரெண்டு டீ போடணும்" என்றது. ரெண்டு டீ என்று காதில் விழுந்ததும் நான் இங்கே பாலை அடுப்பில் ஏற்றிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது எழுத்து டீயாம். இன்னொரு பிள்ளை வந்து, ரெண்டெல்லாம் வேண்டாம், பாக்கெட்டில் ஒன்றுதான் போட்டிருக்கிறது என்றது. கிம்ச்சிக்கு கே-யா ஜி-யா என்று மூன்றாவது பிள்ளை கிளப்பியது. பரிமளா அம்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எனக்கென்னங் கண்ணு தெரியும்? நீயே திருத்திப் போடு" என்று சாக்பீஸை நீட்டியது.

திருத்தின பிள்ளை போர்டோடு நின்று போட்டோ எடுத்தது. போட்டோ எடுத்த பிறகு தின்னாமல் போக முடியுமா? பொழுதோட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தின்றது. என் இட்லி அன்றைக்கு ஸ்டூல் மேலேயே ஆறிக் கிடந்தது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், அந்த அம்மணி போர்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பழையபடி தப்பாகவே எழுதிக்கொண்டிருக்கிறது! எழுதி முடித்து, ஒரு நூல்கயிற்றை எடுத்துச் சாக்பீஸைப் போர்டு ஓரத்திலேயே கட்டித் தொங்கவிட்டது. சரசு தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது வயித்தெரிச்சல் இல்லைங்க, மரியாதை. அது எனக்கு இன்னும் எரிந்தது.

"பேங்க்ல பேனாவை யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு கட்டி வெச்சிருப்பாங்க, இவ எல்லாரும் எடுக்கோணும்னு கட்டி வெச்சிருக்கா பாருங்க."

டப்பா

அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. நானே போய் வாங்கினால் மானம் போய்விடும். போர்டு மாட்டின நாளிலிருந்து அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பதில்லை என்று எனக்குள் ஒரு வைராக்கியம். முருகேசனை விட்டு ஒரு பார்சல் வாங்கி, மாவு டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தேன். செக்கச்செவேல் என்று குழம்பு. அதற்குள் விரல் தடிமனில் அரிசி உருட்டு, அதுதான் டொக்பொக்கியாம், நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. ஓரத்தில் கிம்ச்சி என்கிற புளித்த முட்டைக்கோஸ். ஒன்று வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்று போட்டேன்.

மென்றுகொண்டே யோசித்தேன். இந்த உருட்டை எதில் பிழிந்திருக்கும்? இந்த வழவழப்பு கையில் வராது. பரணைப் பார்த்தேன். இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிகிற எங்கள் வீட்டு அச்சு இருந்த இடம் காலி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டு அச்சிலேயே பிழிந்து, என் வாடிக்கைக்கே ஊட்டுகிறதா? சரசுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கேட்டா, குடுத்தேன். மேல கெடந்து தூசி தின்னுட்டிருந்துது. தட்டுல பெரிய ஓட்டையாப் போட்டுக்கிட்டா" என்றாள், என்னமோ தீப்பெட்டி கொடுத்த மாதிரி. "வாயில வெக்க முடியலை, சவசவன்னு இருக்குது" என்றேன் நான். அவள் என் கையைப் பார்த்தாள்.

"அப்பறம் எதுக்குங்க டப்பாவை விரல் உட்டு வழிக்கறீங்க?"

தப்பில்லாத போர்டு

போர்டுதானே வித்தை, நம்மாலும் ஆகும் என்று இறங்கினேன். தினமும் நடைப்பயிற்சி முடித்து ரெண்டு இட்லிக்கு வருகிற ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர் உண்டு. விசயத்தைச் சொன்னதும் அவருக்கு வயசு இறங்கிப் போச்சு. எதிர்க்கடைப் போர்டைப் பார்த்துத் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவராம். நானும் கிம்ச்சி இட்லி போடுவதாக முடிவு. முட்டைக்கோஸ் ஊறுகாய்தானே! அவர் போனில் ஒன்றுக்கு மூன்று இடத்தில் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் சொல்லச் சொல்ல, பெயிண்டர் எழுதினார். சாக்பீஸ் இல்லைங்க, ஆயில் பெயிண்ட். ஒரு பயலும் கை வைக்க முடியாது. மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து, சுற்றிலும் பூ பார்டர். மாட்டிவிட்டு நடுச்சந்தில் நின்று பார்த்தேன். எதிர்க்கடைப் போர்டு அதற்கு முன்னால் பிச்சை வாங்க வேண்டும்.

மறுநாள் காலை பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பிள்ளை நின்றது. அண்ணாந்து பார்த்தது. மேலிருந்து கீழே விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே படித்தது. பக்கத்தில் வாத்தியார், மார்க் ஷீட் வாங்குகிற பையன் மாதிரி நிமிர்ந்து நின்றார். அந்தப் பிள்ளை எங்கள் ரெண்டு பேரையும் பார்த்து நல்லாச் சிரித்தது. அப்புறம் பையை மாட்டிக்கொண்டு நேராக எதிர்க்கடைக்குப் போனது, போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டு.

"சூப்பர் தாத்தா, உங்க போர்டுல ஒரு தப்புகூட இல்ல!"

ஒரம்பரை இட்லி

ஆடி முடிந்தது. வார்டன் அம்மா கடைக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் பேசினார். பிள்ளைகள் எதிர்க்கடையைக் கேட்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை காலை என் பலகாரம், சனிக்கிழமை பரிமளா அம்மணியின் பலகாரம், சாப்பிட்டுப் பார்த்துக் கை தூக்கட்டும் என்றார். விடுதி போனால் கடைக்கு ஷட்டரை இறக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை இட்லி, பொங்கல் எல்லாம் அனுப்பினேன். பிள்ளைகள் எப்போதும் போலப் போனைப் பார்த்துக்கொண்டே தின்றுவிட்டுப் போனார்களாம். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

அன்று பொழுதோட சரசு வந்து, "பரிமளா ஊட்டுக்கு ஒரம்பரை வாராங்களாம். காத்தாலைக்குப் பெரிய பானையில ரெண்டு ஈடு இட்லி கேக்கறா" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. பரீட்சை நாளில் வீட்டுக்கு விருந்தாளி! விடுதிக்கு அந்தச் சிவப்புக் குழம்பைத்தான் அனுப்பப் போகிறது, காலை வெறும் வயித்தில் பிள்ளைகள் துடிக்கப் போகிறார்கள். அந்தச் சந்தோசத்தில், ஒரம்பரைக்காரர்களாவது இட்லி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும் என்று, மாவை நானே பக்குவம் பார்த்து, துணியை ரெண்டு தரம் அலசி, பூ மாதிரி எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடையிலிருந்து துணி மூடின பாத்திரம் விடுதிக்குப் போனது. நான் மனசுக்குள் சிரித்தேன். வெயில் ஏறினதும் வார்டன் அம்மா வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா, அத்தனை புள்ளைகளும் எதிர்க்கடைக்கே கை தூக்கிட்டாங்க, பரிமளாக்கா குடுத்த இட்லி உங்க இட்லியை விட மெத்துனு இருந்துதாம்!"

சாக்பீஸ்

சரசுவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புளியைக் கரைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள். வார்டன் அம்மா எதிர்க்கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பினதும், பரிமளா அம்மணியே சந்தைத் தாண்டி வந்துவிட்டது. "ஏனுங்ணா, காத்தால காரம் தின்ன எந்தப் புள்ளைக்கு வயிறு கேக்கும்? வார்டன் அம்மாகிட்ட இப்பத்தான் நெசத்தைச் சொல்லிப்போட்டேன். இட்லி உங்குளுது, ஓரத்துல கிம்ச்சி என்னுது. இனி ரெண்டு கடையும் சேந்துதான் விடுதிக்கு" என்றது. "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று கத்தினேன். அது கொஞ்சமும் அசரவில்லை.

"சொல்லியிருந்தா, எனக்குன்னு இத்தனை மெத்துனு ஊத்திக் குடுத்திருப்பீங்களாண்ணா?"

கடை பிழைத்தது. அதில் சந்தோசம்தான். ஆனாலும் அந்தப் பக்கம் போவதில்லை என்கிற வைராக்கியத்தை விடவில்லை. அது ஒரே ஒருநாள் தாங்கியது. மறுநாள் காலை போர்டில், இங்கிலீஷுக்கு மேலே, எனக்கும் படிக்க வருகிற மாதிரி கொட்டை கொட்டையாகத் தமிழில் எழுதியிருந்தது: 'சரசக்கா கைப்பக்குவ இட்லி'. சரசக்கா இட்லியா? தினமும் காக்காய்க்கு முன்னால் எழுந்து துணி பிழிகிறவன் யாருங்க? என் கால் எப்போது சந்தைத் தாண்டியது என்று எனக்கே தெரியாது. தோள் துண்டால் அழித்தேன், தொங்கின சாக்பீஸைப் பிடித்தேன், 'பழனிசாமி இட்லி' என்று அழுத்தி எழுதினேன். திரும்பினால், பிள்ளைகள் வரிசையாகப் போனைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முருகேசன் பஸ்ஸை மறந்து நின்று பார்க்கிறார்.

"ஏனுங்ணா, நீங்களும் போர்டு திருத்த வந்துட்டீங்களா?"

கூட்டிக் கழித்துச் சொன்னால், எதிர்க்கடையைப் பார்த்து எரிந்த இட்லிக்கடைக்காரன் கடைசியில் அந்தக் கடை வாசலில் நின்று டொக்பொக்கி தின்றான். தட்டை அவன் கையில் கொடுத்த பரிமளா அம்மணியோ, சாக்பீஸை மெல்ல வாங்கி அவன் பேருக்குக் கீழே 'சட்னியும் இவரே' என்று எழுதிவிட்டு, எதிரே சரசு கரண்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்குவதைப் பார்த்தபடி, இன்னொரு தட்டைத் துடைத்து எடுத்து வைத்தது.