விண்கலத்துச் சுவரில் பூஞ்சை

குன்னூரில் எங்கள் வீடு சாலையிலிருந்து படியேறிப் போகும் சரிவில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் விண்கலங்களின் உள்ளறைகளைச் செய்கிறேன். எல்லாம் கணினிக்குள்தான். சுவர், தரை, குழாய், கதவு என்று ஒவ்வொன்றையும் முப்பரிமாணத்தில் கட்டி, விளக்கு வைத்து, எங்கே நிழல் விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, கடைசியில் புகைப்படம் போல ஒரு படமாக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ரிசார்ட் கட்டுகிறவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். அஸ்திவாரம் போடும் முன்பே காட்டேஜ் எப்படி இருக்கும் என்று படம் செய்து கொடுப்பேன். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு வீடியோ கேம் கம்பெனி கூப்பிட்டது. ஒரு பழைய விண்கலம், அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்து சாகிற மனிதர்கள். அதுதான் அவர்களுடைய கதை. நான் அறை அறையாகச் செய்துகொடுக்க வேண்டும்.

நடைபாதையும் சமையலறையும் அவர்களுக்குப் பிடித்துப் போயின. மூன்றாவதாகத் தூங்கும் அறையை அனுப்பினேன். மறுநாள் காலையில், தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது, கம்பெனியின் ஆர்ட் டைரக்டரிடமிருந்து செய்தி வந்தது. "இந்தப் படங்கள் நீங்களே செய்தவைதானா? இன்று மூன்று மணிக்கு வீடியோ காலில் மூல ஃபைலைத் திறந்து காட்டவும். இல்லையென்றால் இத்துடன் நிறுத்திக்கொள்வோம்."

தோசை கருகிய வாசனை வந்த பிறகுதான் நான் அடுப்பை அணைத்தேன். அவர் எதைச் சந்தேகப்படுகிறார் என்று புரிந்தது. இப்போது நாலு வார்த்தை தட்டினால் ஏ.ஐ. தானே படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது; ஆனால் அதற்குப் பின்னால் சுவர் சுவராகக் கட்டிய ஃபைல் இருக்காது. அப்படி எடுத்த படத்தைத் தன் வேலை என்று விற்று யாரோ அந்தக் கம்பெனியை முன்பு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஆளின் இடத்தில் இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன்.

டீ எஸ்டேட் ஆபீஸில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

"ஏனுங்க, நான்தான் செஞ்சேனான்னு கேக்கறாங்க. ஃபைலைத் தொறந்து காட்டணுமாம்."

"காட்டிர வேண்டியதுதானே."

"லைன் எங்கீங்க இருக்குது?"

அவர் மறந்துபோயிருந்தார். முந்தின இரவு, விடாத மழையில் சில்வர் ஓக் மரம் ஒன்று விழுந்து எங்கள் பக்கத்து இன்டர்நெட் கேபிள் அறுந்து கிடந்தது. பனிமஞ்சு மூடினால் போனிலும் சிக்னல் நிற்காது.

"ஃபேக்டரியில இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன். லீவ் கேக்க முடியாது. அக்கா கடைக்குப் போயிரு," என்றார்.

என் அக்கா கீழே சாலையோரத்தில் பேக்கரி வைத்திருக்கிறாள். மாடியில் அவளுக்கு நல்ல லைன் இருந்தது. ஆனால் அந்த ஃபைல் சாதாரணக் கணினி எதிலும் திறக்காது, அவ்வளவு கனம். என் மேஜைக்குக் கீழே இருக்கும் சி.பி.யு. பெட்டியையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆட்டோ எங்கள் படி வரைக்கும் வராது.

போன் செய்ததும் அக்கா கடையைப் பூட்டிவிட்டுக் குடையோடு மேலே வந்தாள். பெட்டியைக் கம்பளியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டினோம்.

"பச்சக் கொழந்தையக் கொண்டு போற மாதிரி கொண்டு போகோணுமாக்கும்," என்றாள்.

"இது விழுந்தா எனக்கு வேலையே இல்லக்கா."

"தெரியுது, புடி."

ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். படிகள் பாசியேறி வழுக்கின. பாதி தூரம் போனதும் முன்னால் இறங்கிய அக்கா சட்டென்று நின்றாள். திருப்பத்தில், படியை அடைத்துக்கொண்டு, ஒரு காட்டெருமை நின்றிருந்தது. எங்கள் ஊரில் காட்டெருமை புதிதில்லை. தினமும் வரும், பீன்ஸைத் தின்னும், போகும். ஆனால் இவ்வளவு பக்கத்தில், கையில் ஓடமுடியாத சுமையோடு, நான் அதைப் பார்த்ததில்லை. அதன் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

"அசையாத," என்றாள் அக்கா, உதடு அசையாமல்.

பெட்டியின் கனம் விரல்களை அறுத்தது. கீழே வைக்கலாம் என்றால் படி முழுக்கத் தண்ணீர். காட்டெருமை ஒரு முறை சீறியது. மூன்று மணி ஆகிவிடும், அவர் காத்திருக்க மாட்டார் என்ற பயம் ஒரு பக்கம். இது இரண்டடி வைத்தால் நாங்கள் இருவரும் இல்லை என்ற பயம் ஒரு பக்கம். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், முதல் பயம்தான் பெரிதாக இருந்தது.

"பின்னால ஏறு. மெதுவா," என்றாள்.

ஒவ்வொரு படியாகப் பின்வாங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இலை பறிக்கிறவர்கள் போகும் தடத்தில் புகுந்தோம். செடிகள் இடுப்பு வரை நனைத்தன. ஒரு இடத்தில் அக்கா கால் வழுக்கி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை மட்டும் விடவில்லை. மடியில் வாங்கிக்கொண்டாள். "ஐயோ அக்கா" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல. நீ அதைப் பாரு," என்றாள்.

பேக்கரி மாடியில் பில் போடும் கணினியின் திரையைக் கழற்றி என் பெட்டியில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். கறுப்பு. அக்கா ஈரச் சேலையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தால், படம் காட்டும் கார்டு குலுக்கலில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அழுத்தி உட்காரவைத்தேன். மறுபடி போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது.

நான் வீடியோ காலில் சேரும்போது மூன்று மணி தாண்டியிருந்தது. ஆர்ட் டைரக்டர் அங்கேயே இருந்தார். கோபப்படவில்லை. அமைதியாகப் பேசினார், அது இன்னும் பயமாக இருந்தது. என் படத்தைத் திரையில் போட்டு, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஒரு மூலையைப் பெரிதாக்கினார்.

"இது என்ன மேடம்?"

"பூஞ்சைங்க சார்."

"ஸ்பேஸ்ஷிப்ல பூஞ்சையா? இங்கதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. யோசிச்சுச் செய்யற மனுஷன் இதை வைக்க மாட்டான். ஏ.ஐ.தான் எங்கேயோ இருக்கிற ஈரச் சுவரை எடுத்து இங்க ஒட்டும்."

நான் ஃபைலைத் திறந்தேன். அது திறந்து முடிவதற்குள் விசிறி இரைந்து இரைந்து, அணைந்துவிடுமோ என்று தோன்றியது. ஒருவழியாக அறை வந்தது. கூரையைக் கழற்றிக் காட்டினேன். சுவரை எடுத்தேன், பின்னால் குழாய்களும் ஒயர்களும் இருந்தன.

"கட்டிலுக்கு அடியில போங்க," என்றார்.

போனேன். அங்கே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

"இது படத்துல தெரியவே தெரியாதே. எதுக்கு வெச்சீங்க?"

"அந்தக் கட்டில்ல ஒருத்தர் தூங்கறாருங்க சார். செருப்பை எங்கயாவது விடணுமில்லீங்களா."

அடுத்த கேள்வி வரும் முன் நானே தொடர்ந்தேன். "பூஞ்சையும் அப்படித்தாங்க. அந்த ரூம்ல ஜன்னல் தொறக்காது. ஆறு பேரு மூச்சு விடறாங்க. வெளிச்சுவரு ஜில்லுன்னு இருக்கும். தலைமாட்டுல காத்துப் போகாது. எங்க ஊட்டுல பீரோவுக்குப் பின்னால இப்படித்தான் புடிக்குதுங்க."

"சரி. நீங்க செஞ்சதுதான், ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா பூஞ்சையை எடுத்துடுங்க. விளையாடறவங்க அது ஏதோ புதிருக்கான துப்புன்னு நினைச்சு அதையே தட்டிட்டு இருப்பாங்க."

அதில் நியாயம் இருந்தது. எடுத்துவிடுகிறேன் என்றேன். மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"இனிமே நீங்க வேலை செய்யற நேரம் முழுக்க ஸ்கிரீனை ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும்."

என் வேலை எப்படி நடக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அரிசி களைந்துவிட்டு வந்து உட்காருவேன். ஒரு சுவரை வெறுமனே பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு கைப்பிடியை வைப்பேன், எடுப்பேன், மறுபடி அங்கேயே வைப்பேன். அதையெல்லாம் ஒருவர் சென்னையில் உட்கார்ந்து, திருடுகிறேனா என்று ஓட்டிப் பார்ப்பதை நினைத்தபோது, காலையிலிருந்து இருந்த பயம் அந்த நொடியில் கோபமாக மாறியது.

"அது முடியாதுங்க சார்," என்றேன். "தினமும் சாயந்திரம் ஃபைலை அனுப்பறேன். தொறந்து பாருங்க. ஆனா நான் உக்காந்திருக்கறதைப் பார்க்க வேண்டாம்."

அவர் முகம் அப்படியே நின்றது. யோசிக்கிறாரா, லைன் நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. பிறகு குரல் மட்டும் வந்தது. "பார்க்கலாம்." அத்தோடு வீடியோ கால் முடிந்தது.

"என்னடி சொன்னான்?" என்றாள் அக்கா.

"நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாரு. வேலை இருக்கான்னு தெரியல."

"அவங்கிட்ட முடியாதுன்னயே, நீயா அது?" என்று கேட்டுவிட்டு, சேலை மாற்றப் போனாள்.

அந்த வாரம் முழுக்க ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்காரர், "ரெக்கார்டிங்குக்கு ஒத்துக்கிட்டிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லைன் சரியான அன்று செய்தி வந்தது. "அடுத்தது மருத்துவ அறை. தினமும் மாலை ஃபைல் வேண்டும்." மன்னிப்பு இல்லை, ரெக்கார்டிங் பற்றிப் பேச்சும் இல்லை. படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வேலை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவர் மரியாதையாகப் பேசுகிறார், நானும் அப்படியே. ஆனால் போனில் அவர் பெயரைப் பார்த்தால் இன்றும் இரண்டு மணி அடிக்க விட்டுத்தான் எடுக்கிறேன். படத்தை அனுப்பும் முன், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருக்கிறதா, இதைப் பார்த்து என்னைச் சந்தேகப்படுவார்களா என்று ஒருமுறை தேடுகிறேன். அந்தப் பயத்தில் சில பொருள்களை எடுத்தும் இருக்கிறேன். சிலவற்றை, வருவது வரட்டும் என்று, வைத்தே அனுப்பியிருக்கிறேன்.