பொட்டு இருந்த இடம்

சாமான் கட்டப் போகும் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் சற்குணம் நேராகக் கண்ணாடி முன்னால் போய் நிற்பார். முகம் பார்க்க அல்ல. வலது கட்டைவிரல் நகத்தை ஸ்க்ரூடிரைவர் முனைபோல வளர்த்து வைத்திருந்தார். பீரோக் கண்ணாடியில் யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டு, ஆப்பிளிலிருந்து உரித்த சீட்டு, பிள்ளைகள் ஒட்டிய கார் படம், எதுவானாலும் அந்த நகம் அடியில் புகுந்து ஒரு நெம்பு நெம்பும். பிளாஸ்டிக் சுற்றிய கண்ணாடி லாரிக்குள் வெயிலில் வெந்தால் பசை உருகிக் கறையாகும். கறைக்கு வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். உரித்ததைத் தரையில் போடமாட்டார். இடது புறங்கையில் ஒட்டிக்கொள்வார். பிறகு ஈரத்துணியால் ஓர் இழுப்பு.

கை இதைச் செய்துகொண்டிருக்கும்போது வாய் வேறு வேலை பார்க்கும். "வண்டி வந்தா ஆத்யம் பிளேட்டப் பாருங்க. மஞ்சள்ல கறுப்பு எழுத்துன்னா வாடகை வண்டி, தைரியமா சாமான் கேத்தலாம். வெள்ளைன்னா சொந்த வண்டி. அது வழியில மறிஞ்சு விழுந்தா யாருகிட்ட போய் நஷ்டம் கேப்பீங்க?" நகையையும் பத்திரத்தையும் கையோடு எடுத்துப் போகச் சொல்வார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பார். ஒவ்வொரு சாமானையும் போனில் படம் பிடிக்கவைப்பார். இறக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கொடுக்கக் கூடாது; சேதம் இருந்தால் அந்த இடத்திலேயே எழுதி, வந்தவனிடம் கையெழுத்து வாங்கவேண்டும். ரயிலில் போய் இறங்குகிறவர்கள் என்றால் டாக்ஸி பாடமும் உண்டு. ப்ரீபெய்டு சீட்டை டிரைவர் கேட்டாலும் ஏறும்போது கொடுக்காதீர்கள், இறங்கின பிறகு கொடுங்கள். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்: "எழுதாத சாமான் சாமானே இல்ல."

வந்தவனிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறாரே, அந்த வந்தவன் அவர்தான். பழவங்காடிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் சின்ன பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர். முதலாளி பிரதீஷுக்கு இதில் வருத்தம் உண்டு. "அண்ணன் நமக்கு வேல பாக்குதா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வேல பாக்குதா?" என்று கேட்பான். சற்குணம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார். வீட்டுச் சாமானை யாரை வைத்து வேண்டுமானாலும் ஏற்றலாம், யூனியன்காரர்கள் சும்மா நின்று பார்த்ததற்கெல்லாம் கூலி கொடுக்கவேண்டாம் என்று அவர் உரக்கச் சொல்வதைக் கேட்டு, முக்கில் நிற்கும் நீலச்சட்டைச் சுமட்டுக்காரர்கள், சுமைதூக்கும் அந்த யூனியன் ஆட்கள், சிரிப்பார்கள். "எங்க கஞ்சியில மண்ணு வாரிப் போட்டாச்சா அண்ணா? இனி டீயாவது வாங்கித் தா." வாங்கித் தருவார். அவரும் ஒரு காலத்தில் அந்தச் சட்டை போட்டவர்தான்.

வாடிக்கையாளர் வீட்டு நாற்காலியில் அவர் உட்காரமாட்டார். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் இருந்து, பக்கத்தில் வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவார். போதகருக்கு மாற்றல் வந்தால், ஆராதனை முடிந்து எல்லாரும் கண்ணீரோடு கைகொடுக்கும் வரிசையில் நின்று, எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கினீர்களா ஐயா என்று கேட்பார்.

பொன்முடி எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். குடும்பம் மலையை விட்டு இறங்கிய நாளில், ஏறிவந்த ஜீப் வெள்ளை பிளேட்டு ஜீப்பாம். பாதி வழியில் டிரைவர் கூடுதல் கேட்டு, இல்லையென்றதும் ஆட்டுக்கல்லையும் தகரப்பெட்டியையும் கொண்டையூசி வளைவில் மழையில் இறக்கிவிட்டுப் போய்விட்டானாம். இதை அவர் சொல்வதில்லை. அவர் மனைவி ஷெமிதான் சொல்வாள், அதுவும் அவர் பக்கத்தில் இல்லாதபோது.

போன மழைக்காலத்தில் ஸ்ரீவராகத்தில் சரஸ்வதியம்மாள் வீட்டைக் காலி செய்யப் போனார்கள். வீட்டை விற்றாகிவிட்டது, அம்மாள் பெங்களூரில் இருக்கும் மகன் ஆதர்ஷோடு இருக்கப் போகிறாள். முன்தினமே சற்குணம் போனில் பாடம் நடத்தியிருந்தார். அம்மாள் அதை அப்படியே செய்து வைத்திருந்தாள். ஊறுகாய் ஜாடிவரை எழுதி, படம் பிடித்து, வண்டி வந்ததும் வாசலுக்குப் போய் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "மஞ்சள்தான்" என்றாள். இப்படி ஒரு வாடிக்கையாளர் அவருக்குக் கிடைத்ததே இல்லை. உள்ளறையில் பச்சை நிற ஸ்டீல் பீரோ. சற்குணம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே அதன் கண்ணாடிக்குப் போனார். மூலையில் சில பொட்டுகள் இருந்தன. நெம்பினார், புறங்கையில் ஒட்டினார், துடைத்தார். கூட வந்த சுபின், "அண்ணனுக்கு இன்னைக்கு கல்யாணமா?" என்று கையைப் பார்த்துக் கேலி செய்தான்.

அம்மாள் காப்பி கொண்டுவந்தாள். தூசிக் கையால் டம்ளரை வாங்க மனமில்லாமல், சற்குணம் கொல்லைக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.

காப்பியைக் குடித்து முடிக்கும்போதுதான் அம்மாள் உள்ளறைக்குப் போனாள்.  போனவள் வெகுநேரம் வராததால் சற்குணம் எட்டிப்பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, துடைத்த இடத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இங்க அஸ்வதியோட பொட்டு இருந்ததேப்பா."

மகள். இரண்டு வருஷம் முன்னால், ஒரு காய்ச்சலில் போனவள். ராத்திரி முகம் கழுவப் போகுமுன் நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவாளாம். காலையில் புதியது வைத்துக்கொள்வாள். பழையது அங்கேயே இருக்கும். அம்மாள் வைதிருக்கிறாளாம், கண்ணாடியா இது, அம்மை போட்ட மூஞ்சியா என்று. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட சாயங்காலமும் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் போனாள்.

சற்குணம் கையைப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது. காப்பியின் சூடு மட்டும் விரல்களில் இருந்தது. எதையாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தவருக்கு, தன் பாடத்தின் கடைசி வாக்கியம்தான் நாக்குவரை வந்தது. அதை விழுங்கினார். அம்மாள் அதைக் கேட்டவள்போலவே பதில் சொன்னாள்.

"எல்லாத்தையும் எழுதினேன். இதை எழுதணும்னு தோணலையேப்பா. இதப்போய் யாராவது எழுதுவாளா?"

சற்குணம் கை கழுவிய குழாயடிக்கு ஓடி முழங்கால் போட்டார். சுபின் கழிவுநீர் ஓடையின் மூடுகல்லைப் புரட்டிப் பிடித்துக்கொண்டான். முந்தின இரவு பெய்த மழையில் ஓடை நிறைந்து ஓடியது. சேற்றை உள்ளங்கையால் அள்ளி அள்ளிப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. மெரூன் நிறம். பசை முழுக்கப் போயிருந்தது. கழுவித் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோனார்.

அம்மாள் அழவில்லை. கொல்லைச் சுவரில் காக்கைக்கு வைத்த சாதத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, பொட்டின் பின்னால் நசுக்கித் தடவினாள். கண்ணாடிக்குக் கொண்டுபோய், ஓர் இடத்தில் வைக்கப் போனாள். வைக்கவில்லை. சற்றுக் கீழே கொண்டுபோனாள். அங்கேயும் இல்லை. பிறகு நினைவு வந்தவளாகப் போனை எடுத்தாள். அவர் சொல்லித்தானே எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தாள். சற்குணமும் ஆவலோடு எட்டிப் பார்த்தார். பச்சைப் பீரோ தெளிவாக இருந்தது, கைப்பிடி, சாவித்துவாரம் எல்லாம். கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஷ் வெளிச்சம் மட்டும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"நீதானே எடுத்தே. எங்க இருந்ததுன்னு சொல்லேன்."

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எந்த வீட்டில் எந்தக் கட்டிலின் கால் ஆடியது என்று வருஷங்கள் கழித்தும் சொல்லக்கூடிய மனுஷர், அந்தக் கண்ணாடி முன் நின்று யோசித்தார். நகம் அடியில் புகுந்தது நினைவிருந்தது. வண்டி பிளேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது நினைவிருந்தது. பார்த்தது நினைவில்லை. பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சேதம் எழுதும் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "எழுதுங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்." அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தாள். பொருள், சேதத்தின் வகை, மதிப்பு என்று கட்டங்கள் இருந்தன. "என்னன்னு போடறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொட்டைத் தன் கண் உயரத்தில் ஓர் இடத்தில் அழுத்தினாள். மகள் தன்னைவிட உயரம் என்று ஒரு நிமிஷம் கழித்துச் சொன்னாள். ஆனால் அதை எடுத்து மாற்றவில்லை. பருக்கை காய ஆரம்பித்திருந்தது.

அந்தக் கண்ணாடியின் மேல் சற்குணம் பிளாஸ்டிக் சுற்றவில்லை. அட்டையில் கூரைபோல மடிப்பு எடுத்து, எதுவும் தொடாதபடி மூடினார். பெங்களூரில் பெட்டிகளைத் திறந்து பார்த்த ஆதர்ஷ், எல்லாம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினான். பிரதீஷ் அதைப் படித்து, கம்பெனிக்கு நல்ல பேர் அண்ணா என்றான்.

பாடம் நின்றுவிடவில்லை. மஞ்சள் பிளேட்டும் ப்ரீபெய்டு சீட்டும் இன்றைக்கும் உண்டு. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இப்போது கேட்க முடிவதில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டதால் டேப்பின் முனையைப் பிரிக்கப் பல்லால் கடிக்கிறார். சுபின் அதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறான்.

போன வாரம் உள்ளூரில் ஒரு புதுமணத் தம்பதியின் வீடு. அந்தப் பெண் அலமாரியைக் காட்டி, கண்ணாடியில் கிடப்பதெல்லாம் குப்பைதான், உரித்துப் போடுங்கள் என்றாள். சற்குணம் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடிக்கொண்டு, "நீங்களே எடுங்க மோளே" என்று ஒதுங்கி நின்றார்.