வெந்நீர் ஊற்றிய ஏர் பாட்டில்

எஞ்சின் ரூமுக்குப் புதிதாக வரும் தம்பிகள், ஓடுகிற எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நின்றதைச் சமாளித்துவிடலாம். கிளம்பாத எஞ்சின்தான் ஆளைக் கொல்லும்.

இலங்கையில் எஹலியகொடப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபேக்டரி எஞ்சின் டிரைவராக இருந்தேன். அந்த ஆயில் எஞ்சினைக் கிளப்ப, இரும்பு ஏர் பாட்டிலில் அடைத்த காற்றைத் திறந்துவிட்டுப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். மாலையில் எஞ்சினை நிறுத்துமுன் பாட்டிலை நிரப்பி வைப்பது டிரைவரின் பொறுப்பு. ஒரு நாள் மாலை நான் நிரப்பவில்லை. மறுநாள் காலை என் மனைவி பொன்னம்மா, சுகமில்லாத தாயைப் பார்க்க இந்தியாவுக்குப் புறப்படுகிறாள். அவளோடு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

"பஸ் ஏத்திவிட வருவீங்கல்ல?" என்றாள்.

"எஞ்சினக் கிளப்பிட்டு ஓடியாந்துர்றேன்."

காலையில் பாட்டிலின் காற்றழுத்தம் காட்டும் கேஜ் ஊசி தாழ்ந்து கிடந்தது. ஒரு கேத்தல் கொதிநீரைப் பாட்டில் மேல் ஊற்றினேன். எஞ்சினைக் கிளப்பத் தேவையான கோடு வரை ஊசி ஏறியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வால்வைத் திறந்தேன். ஃப்ளைவீல் அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது.

ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா வாசலை மறித்தார். "கொழுந்து வாடி முடிஞ்சு அரைக்கக் காத்துக் கெடக்கு. எஞ்சின் ஓடாம நீ எங்கயும் போக முடியாது."

என் வயதுக்காரரான ஃபிட்டர் ஹனீபா கைப்பம்போடு வந்தார். இருவரும் மாறி மாறிப் பாட்டிலுக்குக் காற்று அடித்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"மூடின பாட்டில்ல காத்துக்கு நகர எடமில்ல. குடுத்த சூடெல்லாம் அதச் சூடாக்கத்தான் போகும், ஊசி சட்டுனு ஏறும். ஆனா காத்து இருந்த அளவுதான். பிஸ்டனத் தள்ளிக்கிட்டு விரியிற காத்துக்கு அதே அளவு சூடு ஏறணும்னா, இன்னும் கூடக் குடுக்கணும். தள்ளுற வேலைக்கும் அதுலருந்துதான் போவுது. அதான் ஒரே காத்துக்கு ரெண்டு ஸ்பெசிபிக் ஹீட், ஒரு டிகிரி ஏத்த வேண்டிய சூட்டுக் கணக்கு. ஒங்க கேத்தல் சூடு மொதத் தள்ளுலயே முடிஞ்சிட்டு."

பாட்டில் நிரம்பி எஞ்சின் ஓடியதும் நானும் ஓடினேன். சந்தியில் பஸ் இல்லை.

"மொத பஸ்ஸ விட்டுட்டு ஒங்களப் பாத்துக்கிட்டே நின்னாங்க," என்றார் கடை முதலாளி. "ரெண்டாவதுலதான் ஏறினாங்க."

அவள் திரும்பி வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். இப்போதும் அந்தச் சந்தியைக் கடக்கும்போது என் கண் அவளைத் தேடுகிறது.

தம்பிகளே, பாட்டில் ஆறிய பிறகு ஊசி காட்டுவதை மட்டும் நம்புங்கள். மாலையிலேயே நிரப்பிவிட்டு லயத்துக்குப் போங்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தச் சாயங்காலம் மறுபடி கிடைத்தால், பாட்டிலை நிரப்பாமல்தான் அவளிடம் ஓடுவேன்.