அசுந்தா என்றால்

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். மயிலிட்டிக் கரையில் வலை இழுத்தவர்களின் வீட்டிலிருந்து ஒருத்தி சிலேட்டும் கையுமாகப் புறப்பட்டால் தலைக்கனம் வராமல் இருக்குமா? எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே வந்திருந்தது. அதை இறக்கி வைத்தவள், வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த சைவப் பெட்டை.

"என்ரை பேர் பங்கயம். தாமரை எண்டு கருத்து. உன்ரை என்னடி, அசுந்தா? தகரம் உருளுற மாதிரிக் கிடக்கு."

எனக்குப் பதில் தெரியாத கேள்வியும் உலகத்தில் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். வீட்டுக்கு வந்து என்னைப் பெற்ற அப்புவைக் கேட்டேன்.

"சுவாமி ஞானஸ்நானத் தண்ணி வாக்கேக்கை சொன்னவர், நான் தலையாட்டினனான். கருத்தை ஆர் கேட்டது?" என்றார்.

அது மாதாவின் பெயர் என்றாள் அம்மா. "அப்ப மரியாள் எண்டே வைச்சிருக்கலாமே?" என்று நான் விடாமல் கேட்க, போய்ச் சட்டியைக் கழுவு என்று பதில் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரின் அங்கியைப் பிடித்தேன். அவர் இத்தாலிக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவராகையால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். "எடுத்துக்கொள்ளப்பட்டவள் என்பது பொருள், மகளே" என்றார். ஆண்டவர் தாமாகவே மோட்சத்துக்கு ஏறிப்போனாராம். மாதாவையோ உடலும் ஆத்துமமுமாக எடுத்துக்கொண்டார்களாம். தம்முடைய ஊரில், ஓகஸ்ட் மாதத்து மாதா திருநாளை ஒட்டிப் பிறக்கும் பெண்களுக்கு ஆசையோடு வைக்கும் பெயராம் அது.

திரும்பும் வழியில் பங்கயத்தின் வீட்டுப் படலையில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"ஆர் எடுத்தது?" என்றாள்.

"சம்மனசுகள், மோட்சத்துத் தூதுவர்."

"பறந்தோ?"

"பின்னை, வண்டிலிலையோ?"

தாமரை சேற்றை விட்டு ஓரடியும் நகராது என்பதை நான் பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டேன்.

வீட்டில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ரை பேருக்கு மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவள் எண்டு கருத்து!"

கத்தி நின்றது. "ஆரை எடுக்கிறது?"

"என்னைத்தான்!"

எனக்கு முன் பிறந்த அக்காமார் இருவரும் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போனவர்கள். அதற்கும் என் பெயருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா மீன் கையோடு என்னை இழுத்து மடியில் அமுக்கினாள்.

"இண்டையிலை இருந்து இவள் குப்பை. அந்தப் பேர் இனி இந்த வீட்டிலை கேக்கக்கூடாது."

"சுவாமி வைச்ச பேரெல்லே?" என்றார் அப்பு.

"சுவாமி பிள்ளை பெத்தவரே? பெத்துப் பறிகுடுத்தவரே?"

பிள்ளைகள் தங்காத வீடுகளில் அப்படிக் கூப்பிடுவது எங்கள் கரையில் வழக்கம். ஒருவருக்கும் வேண்டாததை ஒருவரும் எடுத்துப்போக மாட்டார்கள். எனக்கோ அன்று அவமானம் ஒன்றுதான் தெரிந்தது. கோபித்துக்கொண்டு போய்க் கரையில் கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தடியில் இருந்தேன்.

பொழுதுபட அம்மா வேலியடியில் வந்து நின்றாள். "எடியே குப்பை! குப்பை! வாடி!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். நான் இருந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.