தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ‘இல்லை’

எங்கள் மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கட்டம்மா என்றால்தான் தெரியும். கோப்பு அறையில் கட்டுகளைத் தூக்கி அடுக்கும் வேலைக்கு வந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது நாங்களெல்லாம் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள, இவள் மட்டும் அதனோடு வந்த தடித்த புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிப் போய், கணவரும் மகளும் சாப்பிட்டு எழுந்த மேசையில் வைத்துப் படித்தாள். ஆறு மாதத்தில் டேட்டாபேஸில் நோயாளிகளுக்கான பதிவு ஃபார்ம் தயார்.

திரையில் எந்தக் கட்டம் எங்கே என்பதில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. “காகிதத்துல எந்த வரிசையில கேக்குறோமோ, டேப் பட்டனத் தட்டினா அதே வரிசையில போகணும்ணே. கண்ணு அலையக் கூடாது” என்பாள். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வைக்கவே மாட்டாள். எங்கள் பிரிண்டருக்குக் கறுப்பை விட்டால் வேறு நிறம் தெரியாது. சிவப்பு வெளிறிப்போய்த்தான் வரும்.

நான் பதிவு கவுன்ட்டரில் உட்கார்பவன். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். ஃபார்மின் கடைசிக் கட்டம் மருந்து ஒவ்வாமை. அதை நிரப்பாவிட்டால் பதிவு சேமிக்காது. கேட்டால் ஆளாளுக்கு மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பார்கள்.

“தாயே, முக்கால்வாசிப் பேருக்கு இல்லதான். நீயே ‘இல்லை’ன்னு போட்டு வச்சிடு. இருந்தா நான் மாத்திக்கிறேன்” என்று அவள் உயிரை எடுத்தேன். மூன்று நாள் முடியாது என்றாள். நாலாம் நாள் மனமிரங்கிச் செய்து கொடுத்தாள். அதன் பிறகு நான் யாரையும் கேட்கவே இல்லை. அதை அவளிடம் சொல்லவும் இல்லை. டேப் தட்டினேன், சேமித்தேன், “அடுத்தவர் வாங்க” என்றேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது. எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

ஒரு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மணி ஒன்பதே முக்கால். மாத ரிப்போர்ட்டை ஒவ்வாமை வாரியாகப் பிரித்து எடுத்துப் பார்த்த கட்டம்மா, எதிர் மேசையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ‘இல்லை’. ஒருத்தருக்குக்கூடவா எதுவும் இல்ல?”

நான் டேப் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

“கேட்டீங்களா, இல்லையா?”

“கேக்கல.”

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. அன்றைய ஆபரேஷன் பட்டியலை இழுத்தாள். முதல் ஆள் ஒரு லாரி ஓட்டுநர், குடலிறக்கம், பத்து மணி. அவருடைய தாள் நேற்றே மேலே போய்விட்டது. அதன் உச்சியில், அவள் பார்த்துப் பார்த்து வைத்த தடித்த எழுத்தில், ‘ஒவ்வாமை: இல்லை’.

ஆபரேஷன் தியேட்டருக்கு ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. “நீங்க அவர் வீட்டு ஆளுங்களைப் பிடிங்க” என்று கத்திவிட்டு, மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினாள்.

நான் காத்திருப்போர் கூடத்துக்கு ஓடினேன். ஓட்டுநரின் மனைவி மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?”

“பென்சிலின் ஊசி ஆகாதுங்க. ஒரு தடவை போட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சே நின்னு போச்சு. ஏன், உங்க தாள்ல இருக்குமே?”

இரண்டிரண்டு படியாக ஏறினேன். மேலே தியேட்டர் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே விடாத நர்ஸிடம் கட்டம்மா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தாள் பொய்! அதைச் செஞ்சவளே சொல்றேன், பொய்!”

“பென்சிலின்!” என்று நான் பாதிப் படியிலிருந்தே அலறினேன்.

நர்ஸின் முகம் மாறியது. உள்ளே ஓடினார். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணிச்சல் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில் என் ஆயுளில் பாதி போயிற்று.

நர்ஸ் திரும்பி வந்தார். “ஊசியில ஏத்தி வச்சிருந்தோம். போடல. தாள்லயே ‘இல்லை’ன்னு இருக்கேன்னு நாங்களும் கேக்காம விட்டுட்டோம்.”

கட்டம்மா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை; அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே அந்த ‘இல்லை’யைப் பிடுங்கி எறிந்தாள். இப்போது உண்டு, இல்லை, கேட்கவில்லை என்று மூன்றில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘கேட்கவில்லை’ என்றால் தாளின் உச்சியில் தடித்த கறுப்புக் கட்டத்துக்குள் அச்சாகும். கீழே ‘கேட்டவர்’ என்று ஒரு வரி. “தெரியாதது தெரியாததாவே இருக்கணும்ணே. அப்பத்தான் யாராவது கேப்பாங்க” என்றாள்.

பிறகு பட்டியலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எல்லோருக்கும் ஃபோன் செய்தோம். ஒன்பது நாள் ஆனது. அறுபத்து மூன்று பேருக்கு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இருந்தது.

ஒன்பதாம் நாள் என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்தேன். எதிர் மேசையில் பட்டியலில் விரலை வைத்தபடி, நிமிராமல் பேசினாள் கட்டம்மா.

“வணக்கம், மருத்துவமனையிலேர்ந்து பேசுறேன். உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?”

அந்த மாதம் பல்வலி என்று என்னை நானே பதிவு செய்திருந்தேன். சல்பா மாத்திரை விழுங்கினால் எனக்கு நாக்கு தடித்துப் போகும். சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் என் பெயருக்கே டேப் தட்டியிருந்தேன்.

“சல்பா” என்றேன். குரல் சரியாக வரவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கட்டத்தை நிரப்பிவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினாள்.