வாய்வு என்று சொன்ன வாய்

நெஞ்சின் நடுவில் ஒரு அழுத்தம். கண்மாயில் கம்பை ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கம்பு சேற்றில் பதிந்துவிட்டது. பிடுங்குவதற்குக் கை எழவில்லை. வலி தாடை வரைக்கும் ஏறியது. காலையில் தின்ற உளுந்தவடை வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். எனக்கு மாரடைப்பு இப்படித்தான் வந்தது.

கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருப்பவனுக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் இல்லை. அது என் தங்கை மல்லிகாவின் கணவன் செல்வத்தின் ஆசை. அவன் குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) ஓட்டுகிறவன். வேம்பாருக்கு லோடு போன இடத்தில் மீனவர் ஒருவர் தள்ளிவிடக் காத்திருந்த பழைய பைபர் படகைப் பார்த்துவிட்டான். இஞ்சின் கிடையாது, அடியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் பாதி நீட்டிக்கொண்டிருக்க ஏற்றிவந்து, பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் இறக்கினான். அந்த வருடம் கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் போயிருந்தது.

எனக்குச் சர்க்கரை உண்டு. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். “டாக்டர் நடக்கச் சொன்னா இவிய கப்பலே வாங்கிட்டாவ” என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். விடிந்ததும் நானும் செல்வமும் பைக்கில் போய்விடுவோம். நாரைகள் எழும்பும். சிலேபி மீன் துள்ளிப் படகுக்குள்ளேயே விழும். கல்லாவில் உட்கார்ந்தே வளர்த்த தொப்பை ஒரு மாதத்தில் கொஞ்சம் இறங்கி, பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டி வந்தது. அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். ஐம்பத்தாறு வயதில் உடம்பு என் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்ற கர்வம்.

வலி வந்த அன்று செல்வம்தான் என்னைக் கரை சேர்த்தான். “வாய்வுதான் மாப்ள, ஒரு சோடா வாங்கிக் குடு, சரியாயிரும்” என்றேன். இரண்டு சோடா குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. அதில் ஒரு மணி நேரம் போனது. பிறகு கோவில்பட்டியில் ஈசிஜி (இதயத் துடிப்பின் பதிவு) எடுத்துப் பார்த்து, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோ (இதயக் குழாய்களுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தார்கள். அடைத்திருந்த ஒரு குழாயில் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள்.

மறுநாள் டாக்டர் கேட்டார்: “வாய்வுன்னு யார் சொன்னது?”

“நாந்தான் சார்.”

“எங்க புஸ்தகத்துல அப்படி ஒரு வியாதியே கிடையாது அண்ணாச்சி. நேரத்தோட வந்திருந்தா இதயத் தசை இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.”

வீடு திரும்பியவர்களுக்குத் தெரியும், பயம் அதற்குப் பிறகுதான் வரும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட மாட்டேன். செருப்பு மாட்டக் குனிந்தால்கூட நெஞ்சைக் கவனிப்பேன். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, “செல்வத்தப் பாருங்க, ஒடம்ப எப்படி வச்சிருக்கான்னு” என்று சொல்லிப் போனார்கள். ஒட்டின வயிறு, ஒற்றை ஆளாகச் சிமெண்ட் மூட்டை தூக்குகிற தோள். நானும் ஆமோதித்தேன். தொப்பை இல்லாதவனுக்கு நோய் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

மாசியில் மெதுவாக நடமாடலாம் என்றார்கள். செல்வம் என்னைப் படகுக்குக் கூட்டிப்போனான். தண்ணீர் வற்றிக் கரையை விட்டு விலகியிருந்தது. படகைச் சேற்றில் இழுத்துத்தான் இறக்க வேண்டும். என்னைத் தொட விடவில்லை. தனியாக இழுத்தவன் பாதியில் நின்று நெஞ்சைத் தடவினான்.

“மச்சான், நெஞ்சு கரிச்சிக்கிட்டு வருது. ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கு.”

“வாய்வா இருக்கும் மாப்ள. புரோட்டாவ ஒரு பிடி பிடிச்சிருப்பே.”

அவன் சிரித்தான். “ஒங்களுக்கு வந்தா அட்டாக்கு, எனக்கு வந்தா வாய்வா?”

நானும் சிரித்தேன். படகு தண்ணீரில் இறங்கியது. அரை மணி நேரம் கண்மாயைச் சுற்றிவந்தோம். அன்று மத்தியானம் கடம்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவன் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது.

நெஞ்சுக்குள் ஸ்டென்டை வைத்துக்கொண்டு, டாக்டரிடம் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்ட நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பல நாள் யோசித்தேன். வாய்வு என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். யாரும் வண்டி பிடிக்க வேண்டாம், யாரும் அழ வேண்டாம். அதற்காகவே அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். இதைப் படிக்கிற நீங்கள், உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சைத் தடவினால், மெலிந்த ஆளோ பருத்த ஆளோ, தயவுசெய்து காரணம் சொல்லாதீர்கள். கூட்டிக்கொண்டு போய் ஒரு ஈசிஜி எடுங்கள். வாய்வாகவே இருந்தால் திரும்பி வரும் வழியில் சிரித்துக்கொள்ளலாம்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தங்கையைப் பார்க்கப் போனேன். செல்வத்தின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

“அண்ணே, அன்னைக்குக் காலையில அவிய ஒன்கிட்ட ஏதும் சொன்னாவளா?”

இல்லை என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். வாய் வரவில்லை. “சொன்னான்மா. நெஞ்சு கரிக்குதுன்னான். நாந்தான் வாய்வுன்னு சொல்லிட்டேன்.”

என்னைத் திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள்.

“எங்கிட்ட மொதநாளே சொன்னாவ. நான் ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். நல்லாருக்குன்னு சொல்லிட்டுல்லா வேலைக்குப் போனாவ.”

ஒரு மணி நேரத்தை வீணாக்கிய நான் பிழைத்துக்கொண்டேன். அவனுக்கு முழுதாக இரண்டு நாள் இருந்தது. எங்கள் இருவரிடமும் வந்து சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். இப்போதெல்லாம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் என் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது. முன்பு அதைக் கேட்கப் பயமாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.